மார்த்தாண்டத்துக் கேசட்டுகளா, கடல் கடந்து வரும் ப்ளூ-ரேக்களா?

குழித்துறை வாசகன்:

நம் திரைப்பட ஆர்வலர் குழுவின் பொதுப்பணத்தில் 60 ஆயிரம் ரூபாய் சேர்ந்திருக்கிறது. அதை எதற்குச் செலவிடுவது என்பது நாகர்கோவிலில் சென்ற மாதம் கூடியபோது முடிவாகவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். மார்த்தாண்டத்தில் 1990களில் நடந்து பின்னர் மூடப்பட்ட ஒரு வீடியோ வாடகைக் கடையின் கேசட்டுகள், ஏறத்தாழ 400, நமக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றிவைக்க வேண்டும் என்று ஒரு தரப்பினர் விரும்புகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. எந்த நாட்டுப் பிராந்தியத்துக்கென வெளியான வட்டையும் ஓட்டக்கூடிய, உயர்தெளிவு வட்டுக் கருவியான ஒரு ப்ளூ-ரே பிளேயரும், நன்கு மீட்டெடுக்கப்பட்ட பத்துப் பன்னிரண்டு படங்களின் வட்டுகளும் வாங்குவதே நல்லது என்பது என் கருத்து.

நாம் நேசிக்கும் படங்களில் பல, வெளியான காலத்தில் கைவிடப்பட்டவை. உருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' 1978இல் வந்தபோது அதைத் தேடிப் போனவர்கள் சிலரே. இன்று அதைப் பற்றிப் பேசாத தமிழ்த் திரை ஆர்வலர் இல்லை. அத்தகைய கறுப்பு வெள்ளைப் படத்தில் நிழலுக்குள் இருக்கும் முகமே கதையைச் சொல்கிறது. வீடியோ கேசட்டின் தெளிவு கிடைமட்டத்தில் சுமார் 240 கோடுகள்தான் என்பதால் அந்த நிழல் தார் பூசியதுபோல் ஆகிவிடுகிறது. அகலத்திரைக்கான சினிமாஸ்கோப் படமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் சதுரத் திரை நிறைய வேண்டும் என்பதற்காகப் படத்தின் இருபுறமும் வெட்டி, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கை வெளியே தள்ளிவிட்டுத்தான் அதைக் கேசட்டில் ஏற்றினார்கள்.

வெளிநாடுகளில் ஒரு படம் எவ்வளவு தாழ்ந்ததாகக் கருதப்பட்டாலும் அதற்கும் உரிய கவனிப்பு கிடைக்கிறது. அமெரிக்காவின் எல் பாசோ நகரில் உர விற்பனையாளர் ஒருவர் எடுத்து 1966இல் வெளியிட்ட 'மேனோஸ்' என்ற படத்தை, உலகிலேயே மோசமான படங்களில் ஒன்று என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அதன் 16 மில்லிமீட்டர் படச்சுருள் 2011இல் கிடைத்தது. ரசிகர்களிடம் பணம் திரட்டி, கீறல் கீறலாகச் சரிசெய்து, 2015இல் ப்ளூ-ரேயாகக் கொண்டுவந்தார்கள். ஒரு படத்தின் மீது கொண்ட அன்பு இத்தனை பொறுமையான உழைப்பாக மாறியிருப்பதை நம் உறுப்பினர்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

தக்கலை ஆசிரியை:

தம்பி எழுதியதில் உள்ள ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் காட்டிய சான்றே அவருக்கு எதிராக நிற்கிறது. 'மேனோஸ்' படத்தின் சுருள் எந்த நிறுவனத்தின் பாதுகாப்பு அறையிலிருந்தும் வரவில்லை. தனி மனிதர் ஒருவர் விலைக்கு வாங்கிய பழைய படச்சுருள் குவியலில்தான் அது கிடந்தது. அந்தக் குவியலைப் பிரித்துப் பார்க்க ஓர் ஆள் இருந்ததால்தான் நான்கு ஆண்டுகள் கழித்து வட்டு வந்தது. நம் குவியல் மார்த்தாண்டத்தில் இருக்கிறது. அதைத் திறக்காமல், வேறொருவர் தம் ஊர்க் குவியலிலிருந்து எடுத்ததைக் கப்பல் செலவும் சுங்கவரியும் கொடுத்து வாங்குவது எப்படிச் சரியாகும்?

வட்டு பல பிரதிகளாக அச்சாகி விற்பனையில் இருக்கும் பொருள். அடுத்த ஆண்டு பணம் சேர்ந்தாலும் வாங்கலாம். கேசட்டுக்கு அந்த அவகாசம் கிடையாது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் கன்னியாகுமரி மாவட்டம் நம்முடையது. கடற்காற்றும் சேர்ந்துகொள்ள, அலமாரியில் கிடக்கும் கேசட்டின் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை படர்வதை நானே என் தாய்வீட்டில் கண்டிருக்கிறேன். வளைகுடாவிலிருந்து மாமா கொண்டுவந்த, கேசட்டை ஓட்டும் வீடியோ டெக்கில், குளச்சலில் எங்கள் தெருவே உட்கார்ந்து தமிழும் மலையாளமுமாகப் பார்த்த படங்கள் அவை. நான்கு கேசட்டுகளை நாடா ஒட்டிக்கொண்டதால் எறிந்துவிட்டோம். அவற்றில் ஒன்றில் இருந்த சிறிய மலையாளப் படத்தை இன்றுவரை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. டெக் தயாரித்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓட்டும் கருவியும் ஓடும் நாடாவும் ஒருசேர அழிந்துகொண்டிருக்கும்போது, எது அவசரம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. எந்தப் படம் மறுவெளியீடு பெற வேண்டும் என்பதை வெளிநாடுகளில் உள்ளவர்களே அவர்கள் கண்ணுக்கு விநோதமாகத் தெரிவதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' போன்ற இந்திப் பேய்ப் படங்களுக்கு அங்கே வட்டு கிடைக்கிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் எடுத்து, தேசிய விருது பெற்று, தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்து எதிர்ப்புக்கு அஞ்சிக் கைவிட்ட 'அக்ரகாரத்தில் கழுதை'யை நான் பார்த்தது மங்கிப்போன ஒரு பிரதியில்தான். நமக்கு வேண்டியதை நாம் காக்காவிட்டால் வேறு யாரும் தேடி வரப்போவதில்லை.

வடசேரி பழைய ஆபரேட்டர்:

இருவர் எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். இருபத்தெட்டு ஆண்டுகள் திரையரங்கில் படம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். படப்பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அந்தப் படத்துக்கு முடிவுகாலம் தொடங்கிவிட்டது என்று பொருள். அசிடேட் படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையும்போது வெளிவரும் அமிலத்தின் வாடை அது. சுருள் சுருங்கும், வளையும், பிறகு இயந்திரத்தின் பற்களில் நிற்காது. அதைத் தடுக்கக் குளிரான, உலர்ந்த அறை வேண்டும். நம் பக்கத்து அரங்குகளில் அப்படி ஓர் அறையை நான் பார்த்ததே இல்லை. விநியோக உரிமை முடிந்த பிரதிகளை, அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்குப் போட்ட காலமும் இருந்தது. நல்ல பிரதி என்று நாம் ஏங்குவது இப்படித்தான் போயிற்று.

நம் மாவட்டத்துக்கு இந்த இழப்பு புதியதும் அன்று. அகஸ்தீஸ்வரத்தில் வாழ்ந்து 1975இல் மறைந்த ஜே.சி. டேனியல், மலையாளத்தின் முதல் படம் எனப்படும் 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்துத் தம் சொத்தை இழந்தார். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அவருடைய உறவினர் சுந்தர்ராஜ் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' 1933இல் வெளிவந்தது. படத்துக்கு மூலமான நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் வழக்குத் தொடுத்ததால் திரையிடல் நின்றது. தயாரிப்பாளருக்குப் பெரும் நட்டம். ஆனால் பிரதி பதிப்பகத்தின் வசம் கிடந்தது. 1974இல் புனே திரைப்படக் காப்பகம் அதைக் கண்டெடுத்தது. மூட்டையாகக் கட்டி வைத்திருந்த ஒருவர் எறியாமல் விட்டதால் பிழைத்த படம் அது. ஆகவே அந்த 400ஐயும் முதலில் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

கொல்லங்கோடு வழக்கறிஞர்:

சுருக்கமாக ஒன்று. திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 1954இல் வந்த 'அந்த நாள்' போன்ற படத்துக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டாலும், கதைக்கும் இசைக்கும் தனித்தனியே உரிமை இருக்கலாம். வாடகைக் கடையின் கேசட்டுகள் பெரும்பாலும் 1980களுக்குப் பிந்தியவை. எனவே அவற்றை இணையத்தில் ஏற்றுவது என்ற பேச்சே வேண்டாம். அழிவிலிருந்து காக்கப் பிரதி எடுப்பதானாலும், உரிமையாளர் அறிந்த படங்களுக்கு எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

குழித்துறை வாசகன்:

ஆபரேட்டர் அண்ணாச்சி எழுதியதைப் படித்தபின் என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஆனால் முழுமையாக அல்ல. 1979இல் வந்த அரவிந்தனின் 'கும்மாட்டி' புனே காப்பகத்தில் எஞ்சியிருந்த பழைய பிரதிகளிலிருந்து 2021இல் மீட்கப்பட்டது. அவை படச்சுருள்கள். வீடியோ கேசட்டிலிருந்து அத்தகைய மீட்பு நடக்காது. 240 கோடுகளைக் கணினியில் ஏற்றினாலும் 240 கோடுகள்தான். 2000இல் தோல்வியடைந்த சிபி மலயிலின் 'தேவதூதன்' 2024இல் 4கே என்ற உயர்தெளிவுத் தரத்தில் மறுவெளியீடு கண்டு நன்றாக ஓடியபோது, நானும் கேரள எல்லை தாண்டிப் போய்ப் பார்த்தேன். சிறிய திரையில் பத்து முறை பார்த்த படம்தான். ஆனால் படத்தில் வரும் மாளிகையின் ஆழத்தை அன்றுதான் உணர்ந்தேன். அந்த அனுபவம் இல்லாத ஒருவருக்கு எது குறைகிறது என்பதே தெரியாது.

தெரியாததால்தான் நம்மை ஏமாற்ற முடிகிறது. பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படம் ஒன்றின் டிவிடியைச் சில ஆண்டுகளுக்கு முன் ஆசையோடு வாங்கினேன். முகங்களெல்லாம் அகலத்தில் இழுக்கப்பட்டிருந்தன. இரண்டு பாடல்கள் இல்லை. மூலையில் விற்பனையாளரின் முத்திரை படம் முழுவதும் நின்றது. படச்சுருளுக்கே உரிய நுண்புள்ளிகளான படமணிகளைத் துடைத்துத் துடைத்து, தோல் மெழுகாகியிருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட வருத்தம் பணத்துக்காக மட்டும் அன்று. நல்ல மறுவெளியீடு எப்படி இருக்கும் என்பதைப் பத்துப் பேர் கண்டால்தான் நம் நிறுவனங்களிடம் பத்துக் குரல்கள் கேட்கும். மேலும், அந்த 400இல் பெரும்பாலானவை எங்கும் கிடைக்கும் வெற்றிப் படங்களாகத்தான் இருக்கும். அவற்றுக்கு ஏன் செலவு?

தக்கலை ஆசிரியை:

இந்தக் கடைசிக் கேள்வி நியாயமானது; அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். வேறெங்கும் கிடைக்கும் படத்தின் கேசட்டைப் பிரதியெடுக்க வேண்டியதில்லை. முதலில் பட்டியல் எடுப்போம். வட்டாகவோ இணையத்திலோ கிடைக்காதவை எவை, கிடைத்தாலும் கேசட்டில் உள்ள நீளத்தைவிடக் குறைவாக இருப்பவை எவை என்று பிரிப்போம். நாற்பது தேறலாம், பத்தும் தேறலாம். அந்தப் பத்துக்காக இந்த ஆண்டுப் பணத்தில் முதல் உரிமை கேட்கிறேன். படத்தின் தெளிவைப் பற்றித் தம்பி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஒரே பிரதி மங்கலானதாக இருந்தால், அந்த மங்கலையாவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

வடசேரி பழைய ஆபரேட்டர்:

பட்டியல் எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. பூஞ்சை படிந்த கேசட்டை யாரும் ஆர்வத்தில் டெக்கில் போட்டுவிட வேண்டாம். பூஞ்சை, நாடாவைப் படிக்கும் பாகமான ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் நாடாவின் விளிம்பைப் பாருங்கள். வெண்மை தெரிந்தால் தனிப் பெட்டியில் வையுங்கள். என்னிடம் ஓடும் நிலையில் ஒரு டெக் உள்ளது. ஹெட்டைத் துடைத்துக் கொண்டுவருகிறேன்.

குழித்துறை வாசகன்:

சரி டீச்சர், பட்டியல் முதலில். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மார்த்தாண்டம் வந்துவிடுகிறேன். குறிப்பேடும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் என் பொறுப்பு. பிளேயர் பற்றிய என் கோரிக்கையைத் திரும்பப் பெறவில்லை. பத்து கேசட்டுகளே தேறினால் மீதிப் பணத்தில் அதை வாங்க வேண்டும் என்று இப்போதே பதிவு செய்கிறேன். அமெரிக்க வட்டுகள் ஏ பிராந்தியத்தைச் சேர்ந்தவை, இந்தியா சி பிராந்தியம் என்பதால் சாதாரண பிளேயரில் அவற்றில் பல ஓடமாட்டா. விலை விசாரிக்கும்போது இதை மறக்க வேண்டாம்.