மூலிகை வேதியியலை வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: தொண்டி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் தொண்டிக்கு அருகில் ஒரு கடலோரச் சிற்றூரைச் சேர்ந்தவள். முதுநிலை வேதியியல் இறுதியாண்டில் கரிம வேதியியலைச் சிறப்புப் பாடமாகப் படிக்கிறேன். சொறிமீன் (ஜெல்லி மீன்) உடலில் பட்டு, தோல் தடித்துப்போனால், கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியின் இலையைக் கசக்கிச் சாறு பூசுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த இலையில் உள்ள எந்தப் பொருள் எரிச்சலைத் தணிக்கிறது என்று கண்டறியும் வேலையையே என் தொழிலாக ஆக்கிக்கொள்ள விரும்புகிறேன். கடல் தொழில் செய்யும் என் தந்தையோ, பி.எட். முடித்து ஆசிரியப் பணிக்குப் போவதே பாதுகாப்பு என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இத்துறையில் அன்றாட வேலை எப்படி இருக்கும், முனைவர் பட்டத்துக்குப் பின் பிழைப்புக்கு வழி உண்டா, எங்கள் மாவட்டத்தில் இருந்துகொண்டே இதைச் செய்ய இயலுமா என்பதை அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற பேராசிரியர்

அன்புள்ள மாணவிக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட கொடியிலிருந்தே தொடங்குகிறேன். அடப்பங்கொடியைத் தாய்லாந்து, சுவீடன் ஆய்வாளர்கள் முன்பே ஆராய்ந்து, அதிலிருந்து பீட்டா டமாசெனோன், பைட்டால் ஆகிய இரண்டு சேர்மங்களைப் பிரித்து, அவை தசை இறுக்கத்தைத் தளர்த்துவதைக் காட்டியிருக்கிறார்கள். இதைப் படித்து நீங்கள் சோர்ந்துவிடக் கூடாது. ஒரு செடியைக் கையில் எடுக்குமுன் உலகில் யார் யார் அதில் என்ன கண்டார்கள் என்று தேடிப் படிப்பதுதான் இத்துறையின் முதல் வேலை; ஏற்கெனவே தெரிந்த பொருளையே மீண்டும் பிரித்தெடுத்து ஆண்டுகளை இழந்த ஆய்வு மாணவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

அன்றாட வேலை பெரும்பாலும் பொறுமையைக் கேட்பது. செடியைச் சேகரித்து, தாவரவியலாளரைக் கொண்டு இனத்தை உறுதிசெய்து, உலர்ந்த மாதிரி ஒன்றை உலர்தாவரச் சேகரிப்பில் (ஹெர்பேரியம்) வைத்து எண் பெற வேண்டும். பிறகு நிழலில் உலர்த்திப் பொடித்து, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் என்று முனைவுத்தன்மை (மூலக்கூறில் மின்னூட்டம் சமமின்றிப் பரவியிருக்கும் தன்மை) ஏறும் வரிசையில் கரைப்பான்களை மாற்றிச் சாறு எடுப்போம். அந்தச் சாறு சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பிரியும். ஒவ்வொரு பகுதியையும் உயிரியல் சோதனைக்கு அனுப்பி, செயல்திறன் எதில் இருக்கிறதோ அதை மட்டும் மேலும் பிரிப்போம். இறுதியில் தேறும் சில மில்லிகிராம் பொருளை என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு), மூலக்கூறின் நிறையை அளக்கும் நிறை நிறமாலை ஆகியவற்றால் ஆராய்ந்து, அணுக்கள் எவ்வாறு இணைந்துள்ளன என்று முடிவுசெய்யும் இடத்தில்தான் கரிம வேதியியலாளரின் உண்மையான திறமை வெளிப்படுகிறது. கடலோரச் செடிகளில் உப்பு மிகுதியாக இருப்பதால், மெத்தனால் சாற்றிலும் நீர்ச் சாற்றிலும் அதை நீக்குவதே தனி வேலையாகிவிடும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

விளைச்சல் எவ்வளவு குறைவு என்பதற்கு நித்தியகல்யாணியே போதும். புற்றுநோய்க்குத் தரப்படும் வின்பிளாஸ்டின் ஒரு கிராம் பெற ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவை. அதே செடி தரும் இன்னொரு மருந்தான வின்கிறிஸ்டின் அதைவிடவும் அரிது. ஆனாலும் அந்தச் சில கிராம்கள் எத்தனையோ குழந்தைகளை இரத்தப் புற்றுநோயிலிருந்து மீட்டிருக்கின்றன. இந்தத் துறையில் என் ஆயுளைச் செலவிட்டதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

நம் மண்ணில் இதற்கு நல்ல மரபும் உண்டு. குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி தாவர நிறமிகளையும், பூ, காய், இலைகளில் பரவலாக உள்ள ஃபிளேவனாய்டு என்னும் சேர்மங்களையும் ஆராய்ந்து 1960-இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். டி. ஆர். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில், நம் வைத்தியர்கள் இளைப்புக்கு (ஆஸ்துமாவுக்கு) தரும் நஞ்சறுப்பானில் உள்ள டைலோஃபோரின் என்னும் சேர்மத்தின் அமைப்பைத் தெளிவுபடுத்தினார். கல்கத்தாவில் அசீமா சாட்டர்ஜி, நம் வயல் ஓரங்களில் முளைக்கும் ஆரைக்கீரை இனத்திலிருந்து வலிப்பு நோய்க்கான மருந்தை உருவாக்கினார். மூவருமே முதலில் தேர்ந்த கரிம வேதியியலாளர்கள், அதன் பிறகே மூலிகை ஆய்வாளர்கள். ஆகவே முனைவர் பட்டத்துக்கு இடம் தேடும்போது, மூலிகை என்ற பெயர் தலைப்பில் இருக்கிறதா என்று பார்க்காமல், அமைப்பு நிர்ணயத்தையும், எளிய பொருள்களிலிருந்து சேர்மங்களை உருவாக்கும் தொகுப்பு வேதியியலையும் கண்டிப்பாகக் கற்றுத்தரும் நெறியாளரைத் தேர்ந்தெடுங்கள்.

பதில் 2: தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிபவர்

வேலைவாய்ப்பைப் பற்றி நான் சொல்கிறேன். மூலிகைச் சாறு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். புதிய மருந்து கண்டுபிடிக்கும் பணியிடங்கள் நாட்டில் மிகச் சிலவே. ஆனால் ஒரு சாற்றில் என்ன பொருள், எத்தனை விழுக்காடு இருக்கிறது என்று அளந்து சான்றளிக்கும் வேதியியலாளருக்குத் தேவை குறையவில்லை. உங்கள் மாவட்டத்திலும் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் விளையும் நிலாவாரையையே எடுத்துக்கொள்ளுங்கள். மலமிளக்கியாகப் பயன்படும் அதன் மதிப்பு, அந்தச் செயலைச் செய்யும் சென்னோசைடு என்னும் சேர்மங்களின் அளவைப் பொறுத்தது. இலையைப் பறித்த பருவம், உலர்த்திய விதம், சேமித்த அறையின் ஈரம் என ஒவ்வொன்றும் அந்த அளவை மாற்றும். கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் அதை அளப்பதும், பூச்சிமருந்து எச்சம், கன உலோகம், பூஞ்சை நச்சு ஆகியவற்றைச் சோதிப்பதும் எங்கள் பணி. முதுநிலைப் பட்டத்துடனேயே இதில் சேரலாம்.

நம் கடலோரத்து இலையும் பாசியும் மூலப்பொருளாகவே மூட்டை மூட்டையாக வெளியேறுகின்றன. அவற்றை அளந்து தரம் பிரித்து, கூடுதல் விலை பெற்றுத்தரக்கூடிய வேதியியலாளர்கள் அங்கேயே உருவாக வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பதில் 3: பாம்பன்வாசி

சட்டத்தை மறந்துவிடாதீர்கள், தங்கச்சி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதியின்றி அங்கே செடியோ பாசியோ எடுக்க முடியாது. உங்கள் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற நினைத்தால், 2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தை அணுக வேண்டியிருக்கும். மண்டபம் பகுதியில் வளர்த்த கப்பாஃபைக்கஸ் பாசியை ஏற்றுமதி செய்த பெப்சிகோ நிறுவனம் இச்சட்டத்தின் கீழ்தான் ஆணையத்துக்குப் பயன்பகிர்வுத் தொகை (உயிர்வளத்தால் வரும் பயனில் ஒரு பங்கு) செலுத்தியது. மருந்து இன்னதென்று காட்டித்தரும் ஊராரின் அறிவுக்கும் இதேபோல் உரிய பங்கு சேர வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டி மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஊரிலேயே இருந்து செய்ய இயலுமா என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை, ஐயா.

பதில்: ஓய்வுபெற்ற பேராசிரியர்

பாதி வேலையைச் செய்யலாம். தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறையும், புதுமடத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆய்வு மையமும், மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி நிலையமும், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருக்கின்றன. சேகரிப்பு, சாறு எடுத்தல், தொடக்கநிலைப் பிரிப்பு ஆகியவற்றுக்கு அந்தச் சூழல் பொருந்தும். அமைப்பு நிர்ணயத்துக்கான உயர்திறன் கருவிகளுக்கு வெளியூரைத்தான் நாட வேண்டும், சென்னை ஐ.ஐ.டி.யின் கருவி மையத்தில் வெளியாரின் மாதிரிகளையும் கட்டணத்துக்கு ஆய்ந்து தருகிறார்கள். எனவே பயிற்சிக் காலத்தை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் கழித்துவிட்டு ஊர் திரும்புவதே என் பரிந்துரை.

உங்கள் தந்தையிடம் இதையும் சொல்லுங்கள்: நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கும், வீட்டிலிருந்து பணம் கேட்காமலே முனைவர் பட்டம் முடிக்கலாம். தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. இந்த ஆண்டுத் திட்டப்பணிக்கு அடப்பங்கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பூவோடு கூடிய கொடி ஒன்றை அழுத்தி உலர்த்தி, கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்துக்கு அனுப்பிப் பெயரை உறுதிசெய்த பிறகு இலை பறிக்கத் தொடங்கலாம்.