செட்டப் ஓடியது, நிரல் ஓடவில்லை: வைனோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

நானே தொடங்குகிறேன். அப்பாவிடம் ஒரு பழைய அகராதி சிடி இருக்கிறது, விண்டோஸ் 98 காலத்து நிரல். "உன் லினக்ஸ்ல இதைப் போட்டுக் கொடுடா" என்றார். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட வைக்கும் வைன் ஏற்கெனவே இருந்தது, அஞ்சு நிமிட வேலை என்று நினைத்து செட்டப் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தேன். கர்சர் இரண்டு நொடி சுற்றியது, நின்றது. பிழைச் செய்தி கிடையாது, ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. மறுபடி கிளிக், மறுபடி அதே மௌனம்.

உடனே என்ன செய்வோம்? வைனையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். இரண்டு முறை. ஒரு மாற்றமும் இல்லை. பிறகுதான் டெர்மினலைத் திறந்து, சிடி ஃபோல்டருக்குப் போய், வைன் என்று தட்டி செட்டப் பெயரைக் கொடுத்தேன். முதல் வரியிலேயே, "வைன்32 இல்லை போலிருக்கிறது, நிறுவிக்கொள்ளுங்கள்" என்று இருந்தது. ஒவ்வொரு கிளிக்குக்கும் பாவம் அது இதையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது, கேட்க ஆள்தான் இல்லை. என்னுடையது டெபியன் வழி வந்த லினக்ஸ் ஓடும் 64 பிட் கணினி, நிரலோ 32 பிட். 32 பிட் நிரல்களுக்கான ஐ386 கட்டமைப்பைச் சேர்த்து, ஆப்ட் அப்டேட் கொடுத்து, வைன்32 நிறுவினேன்.

இப்போது கெர்னல்32 டிஎல்எல்லை (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்பு) ஏற்ற முடியவில்லை என்றது! இதில்தான் ஒரு மாலை போனது. ஹோம் ஃபோல்டரில் புள்ளியோடு தொடங்கும் வைன் ஃபோல்டர் மறைந்து கிடக்கும், தெரியும்தானே? வைனின் சி டிரைவ், அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி எல்லாம் அதற்குள்தான். பிரிஃபிக்ஸ் என்பார்கள். வைன் தொகுப்பை நீக்கினாலும் இது நீங்காது. வைன்32 இல்லாத நேரத்தில் உருவான அரைகுறை ஃபோல்டர் அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் இரண்டு முறை நீக்கி நிறுவியபோதும் அது அசையவே இல்லை. அதன் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். புதிதாக ஒன்றை வைன் தானே உருவாக்கிக்கொண்டது. செட்டப் திறந்தது, நூறு சதவீதம் வரை போனது.

நிரலைத் திறந்தால் உடனே மூடிக்கொண்டது. மறுபடி டெர்மினல். ஃபிக்ஸ்மி என்று தொடங்கும் வரிகள் சரமாரியாக வந்து விழுந்தன. வைனில் இன்னும் எழுதி முடிக்காத இடங்களுக்கு அதை எழுதுகிறவர்கள் போட்டுவைத்த குறிப்புகள் அவை. பெரும்பாலும் கண்டுகொள்ள வேண்டாம். எரர் வரி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எனக்கு இருந்தது: எம்எஃப்சி42 டிஎல்எல் கிடைக்கவில்லை. அந்தப் பெயரைத் தேடினால் டிஎல்எல்லைத் தனியாக இறக்கித் தருகிறோம் என்று எத்தனையோ தளங்கள் வரிசை கட்டி நிற்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். இப்படி விடுபட்டவற்றை வைனுக்குள் நிறுவித் தரும் துணைக்கருவியான வைன்ட்ரிக்ஸிடம் எம்எஃப்சி42 என்று சொன்னேன், அது கொண்டுவந்து வைத்துவிட்டது.

கடைசியாக "சிடியைப் போடவும்" என்றது. வைனின் அமைப்புகளை மாற்றும் வைன்சிஎஃப்ஜியில் டிரைவ்ஸ் பக்கத்துக்குப் போய், சிடி மவுண்ட் ஆகியிருக்கும் இடத்தை டி டிரைவாகக் காட்டி, வகையை சிடி-ரோம் என்று மாற்றினேன். அகராதி திறந்தது. உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

———

உங்களுடையதாவது சத்தமில்லாமல் நின்றது. எனக்கு எல்லாம் வெற்றி என்றே காட்டியது. செட்டப் முடிந்தது, "ஃபினிஷ்" அழுத்தினேன், மெனுவில் நிரல் இல்லை. சி டிரைவ் ஃபோல்டரைத் துழாவினேன், அங்கேயும் இல்லை. கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரின் ஹோமில். நிறுவல் என்றாலே, ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் சூடோ கட்டளையைப் போடும் கைப்பழக்கம், வைனுக்கும் முன்னால் போட்டுவிட்டேன். வைன் உங்கள் சொந்தக் கணக்கில்தான் ஓட வேண்டும். சில அமைப்புகளில் சூடோ போட்டாலும் ஹோம் மாறாது. அப்போது ஃபோல்டர் உங்களுடையது, ஓட்டுவது ரூட் என்பதால் வைன் "இது உங்களுடையது இல்லை" என்று கதவைச் சாத்தும். இன்னொன்று, வைனின் இசட் டிரைவ் உங்கள் முழு ஃபைல் சிஸ்டத்தையும் காட்டும். ஏதோ ஒரு எக்ஸி கோப்பை ரூட் அதிகாரத்தோடு அதற்குள் உலவ விடுவதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

———

நான் ஹாம் ரேடியோ ஆள். கையடக்க ரேடியோக் கருவியில் அலைவரிசைகளை ஏற்றும் நிரல் விண்டோஸுக்கு மட்டும்தான் இருந்தது. நிறுவியதில் ஒரு தொல்லையும் இல்லை, முதல் முயற்சியிலேயே திறந்தது. கேபிளைச் செருகி "ரீட்" அழுத்தினால் மட்டும், போர்ட்டைத் திறக்க முடியவில்லை என்றது. நிரலில் காம்1 முதல் காம்4 வரை நான்கே போர்ட்டுகள். நான்கையும் முயன்றேன், கேபிளை மாற்றினேன், கருவியின் பேட்டரியைக்கூட மாற்றிப் பார்த்தேன்.

விஷயம் வைன் போர்ட்டுகளுக்கு எண் கொடுக்கும் விதத்தில் இருந்தது. மதர்போர்டிலிருந்து வரும் சீரியல் போர்ட்டுகளுக்கு முதல் 32 எண்களையும் ஒதுக்கிவிட்டு, யுஎஸ்பி கேபிளுக்கு அது காம்33 என்று பெயர் வைத்திருந்தது. நான்கு வரை மட்டுமே எண்ணத் தெரிந்த நிரல் முப்பத்துமூன்றை எங்கே போய்ப் பார்க்கும்! ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் வைனின் ரெஜ்எடிட்டைத் திறந்து, லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், வைன், போர்ட்ஸ் என்று இறங்கி, காம்1 என்ற பெயரில் ஒரு ஸ்ட்ரிங் உருவாக்கி, அதன் மதிப்பாக கேபிளின் டிடிஒய்யுஎஸ்பி0 முகவரியைக் கொடுத்தேன். பின்னணியில் ஓடும் வைன்சர்வரை நிறுத்திவிட்டு நிரலை மறுபடி திறந்தேன்.

இன்னும் திறக்கவில்லை! இந்த முறை வைன்மேல் குற்றமில்லை. சீரியல் போர்ட்டைத் தொட என் லினக்ஸில் டயல்அவுட் என்ற பயனர் குழுவில் இருக்க வேண்டும், நான் இல்லை. குழுவில் சேர்த்துக்கொண்டேன், லாக் அவுட் செய்து திரும்பி வந்தேன். (அதைச் செய்யாமல் இன்னொரு அரை மணி நேரம் வீணாக்கியது தனிக் கதை.) "ரீட்" அழுத்தினேன், கருவியின் விளக்கு சிமிட்டியது. அவ்வளவு சந்தோஷம்.

———

மேலே பிரிஃபிக்ஸ் பற்றி வந்ததால் இது. தயவுசெய்து ஒவ்வொரு நிரலுக்கும் தனி பிரிஃபிக்ஸ் வையுங்கள். என் ஒரே பிரிஃபிக்ஸில் ஒரு நிரல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது நிரல், தான் ஓடுவதற்கு மைக்ரோசாஃப்டின் டாட்நெட் 4.8 தொகுப்பைக் கேட்டது என்று அதிலேயே வைன்ட்ரிக்ஸை ஏவினேன். அது முதலில் டாட்நெட்டுக்கு மாற்றாக வைனோடு வரும் மோனோவை நீக்கும், பிறகு பழைய டாட்நெட் பதிப்பில் தொடங்கி மேலே ஏறும். நீண்ட நேரம் பட்டை நகராததைப் பார்த்து, செத்துவிட்டது என்று நினைத்து நானே நிறுத்திவிட்டேன். செத்திருக்கவில்லை, மெதுவாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, அன்றிலிருந்து முதல் நிரலும் திறக்கவில்லை. இப்போது வைன்பிரிஃபிக்ஸ் மாறியில் ஆளுக்கொரு ஃபோல்டர் கொடுக்கிறேன், கெட்டால் அதை மட்டும் அழித்தால் போதும். கையால் செய்ய அலுப்பாக இருந்தால் பாட்டில்ஸ் என்ற செயலி இதை உங்களுக்காகச் செய்யும்.

அந்த ஃபோல்டரை விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் வைக்கப் பார்க்காதீர்கள். உள்ளே "சி:" "இசட்:" என்று முக்காற்புள்ளியோடு இணைப்புகள் உருவாகும். விண்டோஸ் கோப்புப் பெயரில் அந்தக் குறிக்கு இடமில்லை.

———

தோற்றவன் ஒருவனும் எழுத வேண்டும் அல்லவா? என் நிரல் யுஎஸ்பி டாங்கிள் (உரிமத்தைச் சரிபார்க்கச் செருகும் சாவி) இல்லாமல் திறக்காது, டாங்கிளுக்கு ஒரு டிரைவர் வேண்டும். மூன்று நாள் போராடினேன். எரர் வரிகளை எல்லாம் படித்தேன், விண்டோஸ் பதிப்பை எக்ஸ்பி, 7, 10 என்று மாற்றினேன். உண்மையில் முதல் நாளே விட்டிருக்க வேண்டும். வைன் எமுலேட்டர் (இன்னொரு கணினியைப் போலவே நடிக்கும் மென்பொருள்) அல்ல, அதன் பெயரின் விரிவே அதைத்தான் சொல்கிறது. நிரல் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்வதுதான் அதன் வேலை. 1993இல் தொடங்கிய திட்டத்தின் 1.0 பதிப்பு 2008இல்தான் வந்தது என்றால், அந்த ஒரு வேலையே எவ்வளவு பெரிது என்று பாருங்கள். வன்பொருளைத் தொடும் டிரைவருக்கு விண்டோஸின் கெர்னலே வேண்டும், அது இங்கே இல்லை. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸைப் போட்டு டாங்கிளை அதற்குள் திருப்பிவிட்டேன், ஓடுகிறது.

இந்தப் போராட்டத்தில் மிஞ்சிய ஒரே நினைவுச்சின்னம்: என் டெக்ஸ்ட் கோப்புகள் எல்லாம் வைனின் நோட்பேடில் திறக்கின்றன. இதை எப்படித் தொலைப்பது?

———

டாங்கிள் நண்பருக்கு: வைன்சிஎஃப்ஜியில் டெஸ்க்டாப் இன்டக்ரேஷன் பக்கத்தில் ஃபைல் அசோசியேஷன் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதை, ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வலது கிளிக் செய்து உங்கள் பழைய எடிட்டருக்கே மாற்றுங்கள்.

என் பக்கத்து நிலவரம்: அப்பா அகராதியைத் திறந்தார், கண்ணாடியை ஏற்றி இறக்கினார், "எழுத்து எறும்பு மாதிரி இருக்கே" என்றார். வைன்சிஎஃப்ஜியின் கிராஃபிக்ஸ் பக்கத்தில் 96 என்று இருந்த டிபிஐயை 144 ஆக்கினேன். எழுத்து பெரிதாகிவிட்டது. தேடு பொத்தானில் பாதிச் சொல் வெட்டுப்பட்டு நிற்கிறது. அவர் பொத்தானைத் தொடுவதே இல்லை, என்டர்தான் அழுத்துகிறார்.