வேலியடியில் கோலா: எங்கள் தெருவில் என்ன செய்யலாம்?

நத்தை77
ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் பக்கத்தில் ரெட்லாண்ட்ஸுக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. போன செவ்வாய் ராத்திரி நாய் குரைத்த குரைப்பில் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், பின்பக்கத் தகர வேலியடியில் ஒரு கோலா (யூகலிப்டஸ் தழை தின்று மரத்தில் வாழும், குட்டிக் கரடி மாதிரி இருக்கும் விலங்கு), ஏற முடியாமல் நகத்தால் பிராண்டிக்கொண்டிருக்கிறது. நாயை உள்ளே இழுத்து அடைத்தேன், கொஞ்ச நேரத்தில் அது வந்த வழியே போய்விட்டது. அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. தெருவில் நாலு குடும்பம் சேர்ந்திருக்கிறோம். மரம் நடலாமா, பணம் அனுப்பலாமா?

சருகு
தம்பி, மரத்துக்கு முன்னால் நாயைக் கவனியுங்கள். ஆகஸ்ட் வாக்கில் இனப்பெருக்கக் காலம் தொடங்கினால் ஆண் கோலாக்கள் இராத்திரியில் தரையில் இறங்கி நடக்கும். காரில் அடிபடுவதும் நாயிடம் மாட்டுவதும் அப்போதுதான் அதிகம். பொழுது சாய்ந்ததும் நாய் வீட்டுக்குள் இருக்கட்டும். தகர வேலியில் அதற்குப் பிடிமானம் கிடைக்காது, இரண்டு பக்கமும் ஒரு சொரசொரப்பான கட்டையைச் சாய்த்து வையுங்கள், போதும். நீச்சல்குளம் உள்ள வீடென்றால் தடியான கயிறு ஒன்றை ஓரத்தில் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுங்கள். கோலா நீந்தும், ஆனால் வழுக்கும் ஓரத்தில் ஏறத் தெரியாமல் மூழ்கிப்போகும்.

கண் சிவந்து பீளை கட்டியிருந்தாலோ, பின்பக்க ரோமம் ஈரமாகக் கறை படிந்திருந்தாலோ கிளமிடியா நோயாக இருக்கலாம். தொடாதீர்கள், உள்ளூர் வனவிலங்கு மீட்பு எண்ணுக்கு உடனே போன் போடுங்கள். பாவம் என்று பாட்டிலை வாயில் வைத்துத் தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கிண்ணத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

மலைத்தேன்
கட்டையும் கயிறும் சரி, காட்டையே வெட்டித் தள்ளும்போது நாலு வீடு சேர்ந்து என்ன ஆகப்போகிறது? குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், ஆஸ்திரேலியத் தலைநகரப் பகுதிக் கோலாக்களை 2012-இல் அரசுப் பட்டியலில் 'பாதிக்கப்படக்கூடியவை' என்றார்கள், 2022-இல் 'அழியும் ஆபத்தில் உள்ளவை' என்று ஏற்றினார்கள். பெயர்தான் மாறுகிறது.

சருகு
கோபம் நியாயம்தான். ஆனால் போர்ட் மக்குவாரியில் 1973 முதல் ஓடுகிற கோலா மருத்துவமனை தன்னார்வலர்களின் உழைப்பில்தான் நிற்கிறது. நியூ சவுத் வேல்ஸில் பெரிய கோலா தேசியப் பூங்காவுக்கு 2025-இல் 1,76,000 ஹெக்டேர் அறிவித்தார்களே, அது உள்ளூர்க்காரர்கள் வருஷக்கணக்கில் விடாமல் கேட்டது.

பணத்தைவிட உங்கள் கை அந்த மாதிரி மருத்துவமனைகளுக்குத் தேவைப்படும். சிகிச்சையில் இருக்கும் கோலாவுக்குத் தினமும் புதுத் தழை வெட்டிவர ஆள் வேண்டும். நேற்றைய கிளையை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், நான் எத்தனை தடவை அவமானப்பட்டிருக்கிறேன் தெரியுமா!

மரம் நடுவதானால் உங்கள் மண்ணில் கோலா தின்னும் வகை எது என்று நகராட்சியில் கேட்டு நடுங்கள். யூகலிப்டஸில் எழுநூறு வகைக்கு மேல் இருக்கிறது, அதில் கொஞ்சத்தைத்தான் தின்னும்.

நத்தை77
நன்றி அக்கா. கட்டை இரண்டு பக்கமும் வைத்தாயிற்று. நாய் இப்போது சமையலறையில் படுக்கிறது, முதல் இரண்டு ராத்திரி ஊளையிட்டுத் தூங்கவிடவில்லை. நீச்சல்குளக்காரர்தான் கயிறு அசிங்கமாக இருக்கும் என்கிறார், சனிக்கிழமை நானே கயிறு வாங்கிக்கொண்டு போகிறேன்.