மறு: சனியின் ஒழுங்கற்ற நிலாக்கள் – சொல் வேண்டும்

அன்புள்ள ஆசிரியர் அம்மா,

கோளுக்கு வெகு தொலைவில், நீண்டோ சாய்ந்தோ உள்ள பாதையில் சுற்றும் "irregular moons" என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை சிறுவர் இதழ் அச்சுக்குப் போகிறது என்கிறீர்கள். இங்கே எங்கள் கலைச்சொல் குழு இன்னும் "கோள்" என்பது "கொள்" என்னும் வேரில் பிறந்ததா என்று மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. பொறுத்தருள்க.

முன்வைக்கப்பட்ட "பற்றுநிலா" நயமான சொல்தான். கோள் தன் ஈர்ப்பால் பற்றிக்கொண்டது என்ற பொருள் வருகிறது. ஆனால் அது பிறப்பைச் சொல்கிறதே ஒழிய நடையைச் சொல்லவில்லை. நெப்டியூனின் நிலா டிரைட்டனும் பிடிபட்டதாகவே கருதப்படுகிறது. ஆயினும் 2,700 கி.மீ. விட்டத்துடன், கோளுக்கு அருகில், ஏறக்குறைய முழுவட்டமாகச் சுற்றுகிறது. அதைப் பலர் இந்த இனத்தில் சேர்ப்பதில்லை. 1899இல் அமெரிக்க வானியலாளர் பிக்கரிங் ஒளிப்படத் தகடுகளில் கண்டறிந்த சனியின் நிலா ஃபீபியைப் பாருங்கள்: சனியிலிருந்து சுமார் 1.3 கோடி கி.மீ. தொலைவு, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 550 நாள், அதுவும் சனி சுழலும் திசைக்கு எதிர்த்திசையில். பாதைதான் இங்கே இலக்கணம். ஆகவே என் வாக்கு "பிறழ்நிலா"வுக்கு.

எதிர்த்திசைக்கு "வக்கிரம்" போதும் என்றார் ஒருவர். பஞ்சாங்க வக்கிரம், கோள் பின்னோக்கிப் போவதாகப் பூமியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும் மயக்கம். ஃபீபி மெய்யாகவே எதிராகப் போகிறது. இன்னொரு வேடிக்கை: வடக்கிலிருந்து பார்த்தால் கோள்கள் சூரியனை இடஞ்சுழியாகச் சுற்றுகின்றன. நாம் சந்நிதியைச் சுற்றுவது வலஞ்சுழி. அப்படியானால் சனியை முறைப்படி வலம் வருவது ஃபீபிதான்!

———

> என் வாக்கு "பிறழ்நிலா"வுக்கு

"பிறழ்" என்றதும் நீதிமன்றத்துப் பிறழ்சாட்சிதான் நினைவுக்கு வருகிறார். நிலா யாருக்கு எதிராகச் சாட்சி சொன்னது? "ஒழுங்கற்ற நிலா" என்றால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும், தனித்தமிழும் கெடவில்லை. 2025 மார்ச்சில் மட்டும் 128 புதிய நிலாக்கள் ஏற்கப்பட்டு, சனியின் கணக்கு 274 ஆகிவிட்டது. நாம் ஒரு சொல்லுக்கே திணறுகிறோம்.

———

அனைவருக்கும் நன்றி. "ஒழுங்கற்ற நிலாக்கள்" என்றே போகிறது. "பிறழ்நிலா" ஒருமுறை அடைப்புக்குறிக்குள் வரும். வலம் வரும் தகவலைப் பெட்டிச் செய்தியாக்கிவிட்டேன்.

———

அம்மா, பெட்டிச் செய்தியில் இவ்வின நிலாக்கள் எல்லாமே வலம் வருவதாக எழுதிவிடாதீர்கள். வியாழனின் நிலா இமாலியாவும் இதே இனம்தான். அது கோள் சுழலும் திசையிலேயே போகிறது. மேலும், "ஒழுங்கற்ற" என்பதை நான் இன்னும் ஏற்கவில்லை.