மூடி வைத்தாலும் லேப்டாப் தூங்க மாட்டேங்குது, அவசரம்

வள்ளியூர்க்காரன்:
லேப்டாப்பை மூடிப் பையில் போட்டுப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினால், இறங்கும்போது கை வைக்க முடியாமல் சுடுகிறது. ராத்திரி முழு சார்ஜோடு மூடி வைத்தாலும் காலையில் செத்துக் கிடக்கிறது. லினக்ஸ் போட்ட அப்புறம்தான் இப்படி. ஏதாவது டிரைவர் போடணுமா? திங்கட்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ, சீக்கிரம் சொல்லுங்க.

குறுக்குத்துறை:
எந்த லினக்ஸ்? இன்டெல்லா ஏஎம்டியா? விண்டோஸும் கூட இருக்கா?

மேலப்பாளையத்தான்:
பேட்டரி போச்சு. சர்வீஸ் பார்க்கிறவன் சொல்லுதேன், மாத்திப் பாருங்க.

கெர்னல் அண்ணாச்சி:
மாடல் இல்லை, லினக்ஸின் மையமான கெர்னலின் பதிப்பு இல்லை, லாக் இல்லை. ஜோசியம் பார்த்தா சொல்ல முடியும்? இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. லினக்ஸை ஏற்றிவிடும் கிரப்பில் மெம்_ஸ்லீப்_டீஃபால்ட்=டீப் என்று போட்டு ரீபூட் பண்ணு, முடிந்தது.

வள்ளியூர்க்காரன்:
உபுண்டு 22.04, ஐ5 11ஆம் தலைமுறை, விண்டோஸ் 11ம் இருக்கு. அண்ணாச்சி சொன்னதைப் போட்டேன், அப்படியேதான் இருக்கு.

பேட்டை அக்கா:
தம்பி, /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் ஃபைலைத் திறந்து பாருங்க. லேசான தூக்கமான எஸ்2ஐடில் மட்டும் இருக்கா, பக்கத்தில் ஆழ்ந்த தூக்கமான டீப் என்றும் இருக்கா? அப்புறம் கெர்னல் லாக்கைக் காட்டும் டிமெசேஜில் ஏசிபிஐ சப்போர்ட்ஸ் என்று ஒரு வரி வரும், அதில் எஸ்3 (அந்த டீப்தான்) இருக்கா என்றும் பாருங்க.

வள்ளியூர்க்காரன்:
எஸ்2ஐடில் மட்டும்தான். அந்த வரியில் எஸ்0 எஸ்4 எஸ்5 இருக்கு.

பேட்டை அக்கா:
அப்படியானால் மெஷினின் அடிப்படை மென்பொருளான பயாஸே எஸ்3 தரவில்லை. தராததை கிரப்பில் எழுதி வாங்க முடியாது. இந்த மெஷினுக்கு எஸ்2ஐடில்தான் வழி. அதில் கெர்னல் புரோகிராம்களை உறைய வைத்து, ஒவ்வொரு டிரைவரையும் தன் சாதனத்தைக் குறைந்த மின்சாரத்துக்கு இறக்கச் சொல்லும். எல்லாம் இறங்கினால்தான் சிப் எஸ்0ஐஎக்ஸ் என்ற ஆழ்ந்த தூக்க நிலைக்குப் போகும். நெல்லையப்பர் தேரில் ஒரே சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை கிடந்தாலும், ஊரே வடம் பிடித்தாலும் தேர் நகராதில்லையா, அந்தக் கதைதான். திரை அணைந்திருக்கும், சிப் முழித்தே இருக்கும், பையும் சுடும்.

ரூட்டாக, அதாவது முழு அதிகாரத்தோடு போய் /சிஸ்/கெர்னல்/டீபக்/பிஎம்சி_கோர் உள்ளே எஸ்எல்பி_எஸ்0_ரெசிடென்சி_யுசெக் என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்க. மூடிவைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து மறுபடி பாருங்க. எண் ஏறவே இல்லையென்றால் சிப் ஒரு நொடிகூட ஆழமாகத் தூங்கவில்லை.

குறுக்குத்துறை:
வயர்லெஸ் மவுஸ் ரிசீவரைக் கழற்றிட்டுச் சோதிங்க. பாதிப் பேருக்கு அதுதான் எழுப்பி விடும்.

கெர்னல் அண்ணாச்சி:
எஸ்3ஐ ஒழித்தவன் செய்த வேலை இது. பழைய லேப்டாப்பில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், வாரக்கணக்கில் மூடி வைக்கலாம். 2012இல் விண்டோஸ் 8ஓடு கனெக்டட் ஸ்டாண்ட்பை வந்தது, விண்டோஸ் 10இல் அதையே மாடர்ன் ஸ்டாண்ட்பை என்றார்கள். மெயில் வர வேண்டுமாம், பையில் கிடக்கும்போது!

ராதாபுரம் காற்றாலை:
எஸ்3 ஒன்றும் சொக்கத்தங்கம் இல்லை அண்ணாச்சி. எழுப்பினால் கறுப்புத் திரையோடு நின்ற மெஷின்களை மறந்துட்டீங்களா? எஸ்0ஐஎக்ஸ் ஒழுங்காக வேலை செய்தால் மூடியைத் திறந்த உடனே எழும், சார்ஜும் பெரிதாக இறங்காது. குறை டிரைவரில்.

கெர்னல் அண்ணாச்சி:
குறை பயாஸ் எழுதுகிறவனிடம். லினக்ஸ்காரன் அவன் விட்ட ஓட்டையை அடைத்துக்கொண்டே இருக்கான்.

மேலப்பாளையத்தான்:
எதுக்குங்க சண்டை, ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிட்டு அணையும் ஹைபர்னேட் பண்ணிட்டுப் போக வேண்டியதுதானே.

ராதாபுரம் காற்றாலை:
உபுண்டுவில் செக்யூர் பூட் ஆன் என்றால் கெர்னல் லாக்டவுன் என்ற பாதுகாப்புப் பூட்டு அதை மறுத்துவிடும். ரேமை எழுதி வைக்க ஸ்வாப்புக்கும் டிஸ்கில் இடம் வேண்டும்.

வள்ளியூர்க்காரன்:
அக்கா, மவுஸ் இல்லாமலேயே பார்த்தேன். அந்த எண் பூஜ்யம், ஏறவே இல்லை.

பேட்டை அக்கா:
பயாஸில் விஎம்டி அல்லது ஆர்எஸ்டி (எஸ்எஸ்டி டிஸ்கைக் கையாளும் இன்டெல் வசதி) ஆன் ஆக இருக்கா? எனக்குச் சந்தேகம் அங்கேதான். விஎம்டி வழியாக எஸ்எஸ்டி இருந்தால் பழைய கெர்னல்களில் அதன் இணைப்புக்கு ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பு சரியாக அமையாது, எஸ்எஸ்டி இறங்காது, அது இறங்காமல் சிப்பும் இறங்காது. புதிய கெர்னலில் இதற்குத் திருத்தம் வந்துவிட்டது, முதலில் அதைப் போட்டுப் பாருங்க.

அதிலும் ஆகாவிட்டால்தான் விஎம்டியை அணைக்கணும். ஆனால் அப்படியே அணைத்தால் விண்டோஸ் ஏறாது, நீலத் திரைதான். முன்கூட்டியே விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் போய் சேஃப் பூட்டை டிக் பண்ணுங்க, அப்புறம் பயாஸில் அணையுங்க, சேஃப் மோடில் ஒருமுறை ஏறிவிட்டு டிக்கை எடுங்க. விண்டோஸ் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் ரெகவரி கீயைக் கையில் எழுதி வைத்த பிறகே பயாஸைத் தொடணும்.

கெர்னல் அண்ணாச்சி:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

குறுக்குத்துறை:
எங்கே சொன்னீங்க?

வள்ளியூர்க்காரன்:
விஎம்டி ஆஃப் பண்ணிட்டேன். எண் ஏறுது, பையும் சுடலை. நன்றி அக்கா. விண்டோஸ் பக்கம் இன்னும் போகல.

பேட்டை அக்கா:
தம்பி, சேஃப் பூட் டிக் பண்ணிட்டுத்தானே அணைச்சீங்க? பிட்லாக்கர் கீ இருக்கா?

ராதாபுரம் காற்றாலை:
ஆளைக் காணோம் அக்கா. ரிவ்யூவுக்கான ஃபைல் எந்தப் பக்கம் இருக்கோ.