மாமாவின்ர தண்ணி மெசின்

பெரியமாமா: ↪ பல தடவை ஃபோர்வேட் செய்யப்பட்டது
"நிலத்துக்குக் கீழ் எது இருந்தாலும் காட்டும் குவாண்டம் மெசின்!! இனி மிதிவெடிப் பயம் இல்லை. 10 பேருக்கு அனுப்பவும் 🙏"

பெரியமாமா: உது உண்மையோ தம்பி. நீதானே உதெல்லாம் படிச்சனி

சித்தி: அப்ப மிதிவெடி எடுக்கிற எனக்கு நாளையில இருந்து வேலை இல்லையோ 😂

நான்: அரைவாசி உண்மை மாமா. பேர்மிங்ஹாம் யூனிவர்சிற்றிக்காரர் 2022ல நேச்சர் சஞ்சிகையில எழுதினவை, ரோட்டுக்குக் கீழ கிடந்த ஒரு சுரங்கத்தை மேல நிண்டே பிடிச்சிட்டினம். 2 மீற்றர் அகலம் 2 மீற்றர் உயரம். மிதிவெடிக் கதை ஆரோ பிறகு ஒட்டினது

சுதா மச்சாள்: எக்ஸ்றே மாதிரியோ

நான்: இல்லை மச்சாள், மண்ணுக்குள்ள ஒண்டும் அனுப்புறேல்லை. ருபீடியம் அணுக்களை லேசரால குளிராக்கிப்போட்டு விழ விடுறது. கீழ மண் நிறைய இருந்தா இழுவை கூடி கொஞ்சமே கொஞ்சம் கெதியா விழும், பொந்து இருந்தா கொஞ்சமே கொஞ்சம் மெதுவா, அதைத்தான் அளக்கினம். மேல ஒரு கூட்டம் கீழ ஒரு கூட்டம் எண்டு ரெண்டை ஒரே லேசரால பாக்கிறபடியா ரோட்டில லொறி போய் அதிர்ந்தாலும் ரெண்டுக்கும் ஒரே அதிர்வு, கழிச்சு விட்டா சரி

சுதா மச்சாள்: லேசர் எண்டா சுடுமெல்லோ, எப்பிடிக் குளிராக்கும்

நான்: அணு ஓடித்திரியிறதுதானே சூடு. எதிர்க்காத்துக்க சைக்கிள் மிதிக்கிற மாதிரி, எதிர வாற வெளிச்சம் தள்ளித்தள்ளி ஓட்டத்தைக் குறைக்கும். இதுக்கு 1997லயே நோபல் குடுத்திட்டினம்

சித்தி: சரி விஞ்ஞானி, நாங்கள் எடுக்கிறது உள்ளங்கை அளவு பிளாஸ்ரிக் சாமான். அதைக் காட்டுமோ?

நான்: காட்டாது சித்தி. அந்தச் சுரங்கத்தில ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் கிட்டத்தட்ட 7 தொன் மண் இல்லை, அந்த வெறுமையைத்தான் மெசின் கண்டது. உங்கட சாமான் நூறு இருநூறு கிராம். பக்கத்தில நீங்கள் குந்தியிருந்தாலே உங்கட பாரம்தான் கூடத் தெரியும்

சித்தி: என்ர பாரத்தைக் குறூப்பில கதைக்காத 😠

சித்தி: இரும்பு பிடிக்கிற டிடெக்டரே படுற பாடு உனக்குத் தெரியாது தம்பி. சண்டை நடந்த மண்ணில அடிக்கு அடி கீ கீ எண்டு கத்தும், குனிஞ்சு பாத்தா செல் துண்டு, சன்னம், ரின்மீன் பேணி. அதால சில இடத்தில டிடெக்டரை வைச்சிட்டு றேக்கால முன்னுக்கு இருந்து மண்ணை மெல்ல மெல்ல உதிர்த்து இழுக்கிறதுதான். வேர் ஒண்டு மாட்டினாலும் கை அப்பிடியே நிண்டிடும்

நான்: வெடிமருந்தையே நேரா பிடிக்கிற வழியும் இருக்கு சித்தி. ரிஎன்ரி (TNT) எண்ட வெடிமருந்துக்குள்ள நைதரசன் இருக்கெல்லோ, சரியான றேடியோ அலையைக் குடுத்தா அந்த நைதரசன் கரு திருப்பி முணுமுணுக்கும். ஆனா ரிஎன்ரியின்ர சத்தம் சரியான மெல்லிசு, இரும்புக் கோதுக்குள்ள இருந்தா கேக்கவே கேக்காது

சித்தி: அப்ப றேக்தான். நாளைக்கு அஞ்சு மணிக்கு வான் வரும், நான் படுக்கப்போறன்

பெரியமாமா: பொறு பிள்ளை. தம்பி, 2008 மாரிக்க வெளிக்கிடேக்க தண்ணி இறைக்கிற மெசினை ஒயில் பூசி தரப்பாளால சுத்தி தோட்டத்தில தாட்டனான். அதைக் காட்டுமோ உந்த மெசின்

நான்: எவ்வளவு பாரம் மாமா

பெரியமாமா: முப்பது கிலோ வரும். நாலு அடி ஆழம்

நான்: அதுக்கு உந்தப் பெரிய மெசின் வேண்டாம் மாமா, இரும்புதானே. பெரிய வளையம் போட்ட டிடெக்டர் காணும்

சித்தி: என்னைப் பாக்காதேங்கோ அண்ணை, வேலைச் சாமானை வீட்டுக்குக் கொண்டரேலாது

சுதா மச்சாள்: எந்த இடம் எண்டு தெரியாதோ அப்பா??

பெரியமாமா: தெரியும். பாலை மரத்தில இருந்து மேற்கால பன்ரண்டு எட்டு

பெரியமாமா: திரும்பி வரேக்க மரத்தைத்தான் காணேல்லை