வீட்டில் காய்ச்சிய புருனொஸ்ட் புளிக்கிறது, நாவில் நறநறக்கிறது: எங்கே பிழை விட்டேன்?

கேள்வி (ஸ்தவாங்கர்)

வணக்கம். நோர்வேக்காரர் பாணிலும் வாஃபிளிலும் சீவி வைத்து உண்ணும் ‘புருனொஸ்ட்’ என்னும் பழுப்புப் பாற்கட்டியை வீட்டிலேயே செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. சென்ற ஞாயிறு 6 லீற்றர் பசும்பாலைத் தேசிக்காய்ப் புளி விட்டுத் திரித்துப் பனீரை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய தெளிநீரை, அதாவது இங்கே ‘மீசெ’ என்று சொல்வதை, ஏறக்குறைய 5 லீற்றர் அளவில் அடுப்பில் ஏற்றினேன். ஐந்து மணி நேரத்துக்கு மேல் காய்ந்து வற்றியபோது 3 டெசிலீற்றர் கிரீம் சேர்த்தேன். நிறம் அழகாக வந்தது. பால் ரொஃபி ஊற்றுவது போலவே சூட்டோடு தட்டில் ஊற்றி, இரவு முழுவதும் ஆற விட்டேன். காலையில் சீவிப் பார்த்தால் துண்டு உதிர்கிறது. வாயில் மணலாக நறநறக்கிறது. புளிப்பும் தூக்கலாக இருக்கிறது. பிள்ளைகள் ஒரு துண்டுக்கு மேல் தொடவில்லை. எந்தப் படியில் தவறினேன் என்று அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 (லில்லேஹாமர்)

புளிப்புக்குக் காரணம் தேசிக்காய்தான். ஐந்து லீற்றர் நீர் அரைக் கிலோ அளவுக்கு வற்றும்போது நீர் மட்டுமே ஆவியாகிறது. நீங்கள் விட்ட புளி முழுவதும் சட்டியிலேயே தங்கி, அந்தச் சிறு கட்டிக்குள் செறிந்துவிடுகிறது. புருனொஸ்டுக்கு வேண்டியது இனிப்பான மீசெ. ஆகவே பாலை 32 பாகை வரை மட்டும் சூடாக்கி, பாலை உறைய வைக்கும் ரென்னட் கலந்து முக்கால் மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். ‘ஓஸ்தெலோப்பெ’ என்று கேட்டால் மருந்தகத்தில் கிடைக்கும். உறைந்ததைக் கத்தியால் கீறி வடித்து, அந்த நீரை அன்றைக்கே காய்ச்ச வேண்டும். ஒருநாள் வைத்தாலும் அது தானாகவே புளிக்கத் தொடங்கிவிடும்.

கிரீம் சேர்த்தது மிகச் சரி. முன்பு மீசெயைத் தனியாகவே வற்றக் காய்ச்சினார்கள். குட்பிரான்ஸ்டாலன் பள்ளத்தாக்கின் ஆனெ ஹோவ் என்ற பெண் 1863இல் அதில் கிரீம் சேர்த்துப் பார்த்ததிலிருந்துதான், இன்று நாம் உண்ணும் கொழுப்பான, வழவழப்பான வகை பிறந்தது. ஆட்டுப்பால் கிடைத்தால் ஒரு பங்கு கலந்து பாருங்கள். அந்தக் காரமான மணம் பசும்பாலில் மட்டும் வராது.

மறுமொழி 2 (பேர்கன்)

புளிப்பை முறிக்க ஒரு சிட்டிகை அப்பச்சோடா போதும் என்று நான் நினைக்கிறேன்.

மறுமொழி 1 (லில்லேஹாமர்)

சோடா புளிப்பை முறிக்கும், நிறத்தையும் விரைவில் கொண்டுவரும் என்பது உண்மையே. ஆனால் இவ்வளவு புளிக்கு ஒரு சிட்டிகை போதாது. கூட்டிப் போட்டால் சவர்க்காரச் சுவை வந்துவிடும். மூலத்திலேயே புளியைத் தவிர்ப்பதுதான் நல்லது.

மறுமொழி 3 (ஒஸ்லோ)

நறநறப்பைப் பற்றி நான் சொல்கிறேன். முதல் மூன்று தடவையும் எனக்கும் இதே நிலைதான். மீசெயில் கரைந்திருப்பதில் பெரும்பங்கு பாற்சர்க்கரை. கெட்டியான பாகு அசையாமல் மெல்ல ஆறினால் அந்தச் சர்க்கரை பெரிய பளிங்குகளாக வளர்ந்துவிடுகிறது. அவைதான் உங்கள் நாவில் மணலாகத் தட்டுப்படுகின்றன. பால் ரொஃபிக்கு அந்த மணற்பதமே அழகு, இதற்கு அது ஆகாது. குமிழிகள் சேறு கொதிப்பது போல் வெடித்துக் கையில் தெறிக்கும் நேரத்தில், அகப்பையால் சட்டியின் அடியைக் கோடிழுத்துப் பாருங்கள். கோடு ஒரு கணம் நின்று மூடினால் அதுதான் பதம். உடனே சட்டியைக் குளிர்ந்த நீர் நிறைந்த தொட்டியில் இறக்கி, இளஞ்சூட்டுக்கு வந்து கை வலிக்கும் அளவுக்கு இறுகும்வரை நிறுத்தாமல் கிளறிய பிறகே எண்ணெய் தடவிய அச்சில் அழுத்துங்கள். இந்தக் கிளறலில் பளிங்குகள் நாவுக்குத் தெரியாத அளவில் நுண்ணியவையாகவே நின்றுவிடும்.

சீவுவதற்கு ‘ஓஸ்தெஹேவல்’ பயன்படுத்துகிறீர்கள் அல்லவா? லில்லேஹாமர்த் தச்சரான தூர் பியோர்க்லுண்ட் தம் இழைப்புளியைப் பார்த்து உருவாக்கி, 1925இல் காப்புரிமை பெற்ற கருவி அது. மரச்சீவல் போல் துண்டு முழுதாகச் சுருண்டு வந்தால் பதம் சரி என்று கொள்ளுங்கள்.

இப்போதுள்ள கட்டியை எறிய வேண்டாம். கலைமான் இறைச்சியில் செய்யும் ‘ஃபின்பிஃப்’ குழம்பில் துருவிப் போட்டால் அந்தப் புளிப்பு பொருந்திவிடும்.

கேள்வி கேட்டவர் (ஸ்தவாங்கர்)

லில்லேஹாமர் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ரென்னட் விட்டு மறுபடியும் செய்தேன். புளிப்பு அறவே இல்லை. துண்டு முழுதாகச் சுருண்டு வருகிறது. மூத்தவன் பாணில் இரண்டு துண்டு வைத்துச் சாப்பிட்டான். ஓரங்களில் மட்டும் இன்னும் சிறிது மணல் தட்டுகிறது. நீரில் வைத்து இருபது நிமிடம் கிளறியும் அது ஏன் என்று விளங்கவில்லை.

மறுமொழி 3 (ஒஸ்லோ)

சட்டியின் விளிம்பில் காய்ந்து ஒட்டியிருந்ததையும் சுரண்டி அச்சில் சேர்த்திருப்பீர்கள். அதில் சர்க்கரை முன்பே பளிங்காகியிருக்கும். அதையொட்டிய பாகையும் அது மணலாக்கிவிடும். அடுத்த தடவை, காயும்போதே விளிம்பை ஈரத் தூரிகையால் கழுவி இறக்கிவிடுங்கள். ஒட்டி நிற்பதைச் சட்டியோடு விட்டுவிடுங்கள்.